ஏட்டையா சீமைக்குப் போன கதையும் நான் சேர்த்த ஒரு வரியும்

மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் ஒரு கசப்பு வாடை வரும். நாக்கில் படாமலே தொண்டையில் கசக்கும் வாடை. கரப்பான் அரிக்காமல் இருக்க அப்படிக் கலப்பார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதான ஆடி மாதத்தில் என் கைக்கு வந்த ஒரு புத்தகம் அந்த வாடையோடுதான் வந்தது. புத்தகம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. வாரப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்த நாவலை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி தைக்கும் ஊசியால் முதுகில் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டி வைத்திருந்தார் எங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டிலிருந்த சரஸ்வதி அக்கா. அதை எல்லோரும் "பைண்டு" என்றோம். "பைண்டு இப்ப யார் வீட்ல?" என்பதுதான் அந்த ஆடியில் குழாயடியில் பெண்கள் கேட்டுக்கொண்ட முதல் கேள்வி.

நெய்வேலி அப்போது பாதி ஊர், பாதி வேலைத்தளம். சாலைகள் நூல் பிடித்தாற்போலப் போடப்பட்டிருந்தன. அவற்றின் ஓரத்தில் நட்ட மரங்கள் இன்னும் என் தோளுக்குக்கூட எட்டவில்லை. ஆடிக்காற்று மண்மேட்டிலிருந்து செம்மண்ணையும் சுரங்கத்திலிருந்து பழுப்புத் தூளையும் வாரிக்கொண்டு வந்து, கொடியில் காயும் வேட்டி, சேலை, பள்ளிக்கூடச் சட்டை எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சேலம், சரஸ்வதி அக்கா கும்பகோணம். "பர்மனன்ட்" ஆட்களுக்குக் "குவார்ட்டர்ஸ்" இருந்தது. என் அப்பா கேபிள் பதிக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் ஸ்டோர்கீப்பராக இருந்ததால் எங்களுக்குக் கிடைத்தது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட "லைன் வீடு". அந்த வரிசையில் இருந்த யாருக்கும் அது சொந்த ஊரில்லை. ஆனால் வந்த மூன்றாம் மாதமே, அந்த மண்ணிலேயே பிறந்தவர்களை நாங்கள் "வெளியாளுங்க" என்று சொல்லப் பழகியிருந்தோம்.

நாவலின் கதை இதுதான். தில்லைநாயகம் என்று ஒரு ஏட்டு. ஒரு ஜமீன்தார் உடம்பைத் தேற்றிக்கொள்ள சுவிட்சர்லாந்துக்குப் போன இடத்தில் அவருடைய தங்க மூக்குப்பொடி டப்பி காணாமல் போகிறது. வெள்ளைக்காரப் போலீசை நம்பாத ஜமீன்தார் தந்தியடித்துத் தன் ஊர் ஏட்டையாவையே கப்பலேற்றி வரவழைக்கிறார். சிவப்புத் தலைப்பாகையும் அரைக்கால் காக்கியுமாகப் பனிக்குள் இறங்கும் ஏட்டையாவுக்கு, கண்ணில் படுகிறவர்கள் எல்லோருமே திருடர்களாகத் தெரிகிறார்கள். எல்லோரும் கையுறை போட்டிருக்கிறார்கள்: கைரேகை விழக்கூடாதென்றுதானே! ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை: கூட்டாளிகள், தெரியாதவர்கள்போல நடிக்கிறார்கள். ஒருவர் நாயைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்: சொந்த நாயென்றால் தானாகப் பின்னால் வராதா? ஒரு கிழவி தினமும் பூங்காவில் உட்கார்ந்து புறாக்களுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறாள்: அது யாருக்கோ சங்கேதம். அத்தியாயம் முடியும் இடத்தில் ஏட்டையா தன் நோட்டை எடுத்து, எச்சிலால் பென்சிலை நனைத்து, "சந்தேகக் குறிப்பு" எழுதுவார். அந்தக் குறிப்புகளுக்காகவே அந்த நாவலைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் பள்ளிக்கூடம் விட்ட மாலைகளிலும் எங்கள் வீட்டுக் கொல்லைப்புற நிழலில் நான்தான் அதை வாய்விட்டுப் படிப்பேன். ஏட்டையாவின் குரலுக்கு ஒன்று, ஜமீன்தாருக்கு ஒன்று என்று குரலை மாற்றிப் படிப்பதில் எனக்குப் பெயர் இருந்தது. அம்மா, சரஸ்வதி அக்கா, இன்னும் இரண்டு மூன்று பெண்கள் இருப்பார்கள். சற்றுத் தள்ளி, தொட்டியடியில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டே அஞ்சலை கேட்பாள்.

அஞ்சலை எங்கள் வீட்டிலும் சரஸ்வதி அக்கா வீட்டிலும் வேலை செய்தவள். சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட புங்கமேடு என்ற ஊரின் காலனியைச் சேர்ந்தவள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். நிலம் இருந்தவர்கள் நிலம் போயிற்று என்று சொல்ல முடிந்தது. இவர்களுக்கு அப்படிச் சொல்லக்கூட எதுவும் இல்லை. அவளுக்கென்று எங்கள் வீட்டில் ஓர் அலுமினிய டம்ளர் தனியாகக் கூரை எறவாணத்தில் செருகியிருந்தது. அதை நான் அப்போது கவனித்ததே இல்லை. அவளுடைய நாலு வயது மகள் பச்சையம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாம்பலைக் குழைத்து விளையாடிக்கொண்டிருக்கும். ஏட்டையா நாய்க்காரரை மடக்கிய கட்டத்தில் அஞ்சலை சிரித்த சிரிப்பில், சாம்பல் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிகிறதே என்று அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். ஆனால் புறாக் கிழவி வந்த அத்தியாயத்தில் தேய்க்கும் கை நின்றுவிட்டது.

"இன்னா தம்பி இந்த ஏட்டு! அந்தக் கெழவி பாட்டுக்குப் புறாவுக்குத் தீனி போட்டுகினு இருக்கா. ஊரு வுட்டு ஊரு போனவரு இவரு. அவங்க ஊரு வழக்கம் இவருக்கு இன்னா தெரியும்?"

"அதானே அஞ்சல, தமாஷே!" என்றார் சரஸ்வதி அக்கா.

"தமாசுதாங்க்கா. மாட்டிகினவளுக்கு?"

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அஞ்சலையின் புருஷன் கோவிந்தன் எங்கள் அப்பா வேலை பார்த்த கான்ட்ராக்டரிடமே கேபிள் பள்ளம் வெட்டும் கூலியாக இருந்தார். ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வார். அந்த வேலை முடியும்போது, ஒழுங்காக வேலை செய்தவர்களுக்குக் கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் தருவதாக இருந்தது. அந்தக் காகிதம் கையில் இருந்தால் சுரங்கத்தில் "பர்மனன்ட்" ஆக வழி பிறக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். கோவிந்தனுக்குக் காகிதம் கட்டாயம் என்று அப்பாவே சொல்லியிருந்தார். "அந்தக் காயிதம் மட்டும் வந்துடட்டுங்க்கா, நாங்களும் லைட்டு எரியற வூட்டுக்குப் போயிடுவோம்" என்று அஞ்சலை அம்மாவிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள்.

ஆடி பிறந்த முதல் வாரத்தில் ஸ்டோரில் இருந்த செம்புக் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போயிற்று. பூட்டு உடையவில்லை. சாவி அப்பாவிடம் இருந்தது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர், வெற்றிலைக் காவி படிந்த பல்லோடு எப்போதும் உரக்கப் பேசும் ஒருவர், அப்பாவை நேராக எதுவும் கேட்கவில்லை; ஆனால் பேச்சை நிறுத்திவிட்டார். அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போக ஆரம்பித்தார். "சாவி எங்கிட்டல்லா இருக்கு. வேற யாரக் கேப்பான்?" என்று அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரில் எங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் துப்பறியக் கிளம்பியதாக இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது முழு உண்மையில்லை. எனக்கு ஒரு நோட்டு வேண்டியிருந்தது. அதில் "சந்தேகக் குறிப்பு" எழுத வேண்டியிருந்தது. அதைப் படித்து எல்லோரும் சிரிக்க வேண்டியிருந்தது. கம்பி காணாமல் போனது எனக்கு ஒரு வசதியாக அமைந்தது.

கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். முதல் குறிப்பு சரஸ்வதி அக்காவைப் பற்றியது: தினமும் வாசலில் எட்டுப் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறார், எட்டு மணிக்கு வா என்று யாருக்குச் சொல்கிறார்? சேலத்துக்காரர் பைப் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிறார், எதைத் தேடுகிறார்? அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பத்து நாளாகச் சிரிக்காத அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் தள்ளிவிட்டது.

இரண்டாவது ஆடி வெள்ளியன்று சாயங்காலம் கோவிந்தன் எங்கள் வரிசைக்குப் பின்னால் போவதைப் பார்த்தேன். காலை ஷிப்ட் முடிந்து வந்த ஆள், குளித்துத் தலை ஈரம் சொட்ட, வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். கையில் சிவப்புத் துண்டில் கட்டிய ஒரு மூட்டை. வேலை நாளில் வெளுத்த வேட்டியா? பின்தொடர்ந்தேன். சுரங்கத்திலிருந்து வெட்டியெடுத்த மண்ணைக் கொண்டுவந்து குவித்த மேடு மலைபோல நின்றது. அதைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலியில் ஓர் இடத்தில் கம்பியைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். நான் வெளியே ஒரு கல்குவியலின் பின்னால் நின்றேன். மேட்டின் அடிவாரத்தில் அவர் சுற்றும்முற்றும் பார்த்து, நாலைந்து எட்டு இங்கும் அங்கும் அளப்பதுபோல நடந்து, ஓரிடத்தில் குந்தி உட்கார்ந்தார். வெகுநேரம் எழவில்லை. திரும்பி வந்தபோது கையில் மூட்டை இல்லை. துண்டு தோளில் கிடந்தது. அடுத்த வெள்ளியும் அப்படியே. ஏட்டையாவுக்குக்கூட இப்படி ஒரு தடயம் கிடைத்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்து எழுதினேன். "குளித்துவிட்டுத் திருடப் போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன், இவன் சுத்தமான திருடன்" என்ற வரி நன்றாக விழுந்தது. அளந்து நடந்ததை எழுதினேன். மூட்டையில்லாமல் திரும்பியதை எழுதினேன். முழுக்கப் படித்துப் பார்த்தேன். முடிவு சப்பென்று இருந்தது. ஏட்டையாவின் குறிப்புகள் ஒவ்வொன்றும் ஒரு வெட்டோடு முடியும். என்னுடையதில் அது இல்லை. பென்சிலை எச்சிலால் நனைத்து ஒரு வரி சேர்த்தேன்: "மூட்டையின் வாயில் செம்புக் கம்பியின் நுனி ஒன்று சாயங்கால வெயிலில் மின்னியது."

எதுவும் மின்னவில்லை. மூட்டை இறுக்கிக் கட்டியிருந்தது. நான் நின்ற தூரத்திலிருந்து துண்டின் நிறத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு வாக்கியம் அழகாக முடிய வேண்டும் என்பதற்காக அதை எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் பிறர் வாழ்க்கையை மாற்றியது அந்த ஒரு வரிதான்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். நோட்டை வாங்கி அவரே படித்தார். பிறகு என் தோளைப் பிடித்தார்.

"ஏலே, இது நெசமா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பத்துப் பதினைந்து நாளாகச் செத்துக்கிடந்த முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. அதை மறுபடி அணைக்க எனக்கு மனம் வரவில்லை என்று சொல்லலாம். விளையாட்டுக்கு எழுதினேன் என்றால் அடி விழும் என்ற பயம் என்றும் சொல்லலாம். இரண்டும் இருந்தன.

"ஆமா" என்றேன்.

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சூப்பர்வைசர் எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் நோட்டைப் படித்தார். கோலப் புள்ளிக் குறிப்புக்குத் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பையனுக்கு எழுத்து ஓடுதுய்யா" என்று அப்பாவிடம் சொன்னார். கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கோவிந்தனைக் கூட்டிவர ஆளனுப்பினார். வரிசையிலிருந்தவர்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். கோவிந்தன் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வேலிக்குள்ள நுழையறியாமே?"

"ஆமாங்க."

"என்னாத்துக்கு?"

"எங்க பெரிய பொண்ணுங்க. ஊரைக் காலி பண்றதுக்கு முந்தி அம்மை வந்து பூட்டுது. அங்கதான் பொதச்சோம். ஆடி வெள்ளிக்குச் சோறாக்கி, வளையலு, பூ வாங்கி வெச்சிப் படைக்கிறது. எங்க பழக்கங்க அது."

"எங்க பொதச்சே?"

"அந்த மண்ணு கொட்டிகினு இருக்காங்களே, அதுக்கு அடியில. அதாங்க எங்க காலனி சுடுகாடு. புங்கமரம் இருந்துச்சு, அதுலேருந்து பதினாலு எட்டு. இப்ப மரம் இல்லீங்க. குத்துமதிப்பா ஒரு எடத்துல வெச்சிட்டு வரேன்."

சூப்பர்வைசர் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா? மலைக்கு அடியில சுடுகாடாம். அதுக்கு இவன் எட்டு வெச்சு அளந்து சோறு போடுறானாம். பையன் எழுதினதவிட இவன் சொல்ற கதை நல்லா இருக்கே!" என்றார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவர் குரலை உயர்த்தினார். "மூட்டையில கம்பி இருந்துச்சா இல்லையா? பாத்த சாட்சி இருக்குய்யா."

கோவிந்தன் யார் என்று தேடுவதுபோலப் பார்த்தார். சூப்பர்வைசர் நோட்டால் என்னைக் காட்டினார். கோவிந்தன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இத்தனை காலம் அதைச் சுமந்திருக்க மாட்டேன்.

"தம்பியா? தம்பி பொய் சொல்லாதுங்க. சின்னப் புள்ள. வேற இன்னாத்தயோ பாத்துட்டு அப்பிடி நெனச்சிருக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். ஒரே ஒரு சொல் போதும். "இல்லை" என்று சொல்லியிருந்தால் போதும். நான் வாசற்படியின் சிமெண்டு விரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூங்காவில் உட்கார்ந்த கிழவியைப் பற்றி அஞ்சலை சொன்னது அப்போது என் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. அது வர எனக்கு வருடங்கள் ஆயின. வேறு மண்ணிலிருந்து வந்து இறங்கி, அந்த ஊர்க்காரன் தன் செத்த குழந்தைக்குச் சோறு வைப்பதைத் திருட்டு என்று குறித்துக்கொண்டவன் நான். நாவலில் அது சிரிப்பாக முடிந்தது. ஜமீன்தாரின் பொடி டப்பி அவருடைய கம்பளிக் கோட்டின் உள்ளுறையிலேயே இருந்தது, ஏட்டையா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கப்பலேறினார்.

கம்பியைக் கோவிந்தனிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. எடுக்க ஒன்றும் இல்லை. அதனால் போலீசுக்குப் போகவில்லை. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காகிதம் இல்லை என்றார்கள். மறுநாள் காலையில் அஞ்சலை கொல்லைப்புறம் வந்து நின்றாள். பச்சையம்மா இடுப்பில் இருந்தது.

"நீயாவது சொல்லக் கூடாதாக்கா? நாலு வருசமா உன் வூட்டுல பொழங்கறேன். ஒரு கரண்டி காணாப் போயிருக்குமா?"

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் பயந்துதான் இருந்தாள். "ஆம்பளைங்க விசயம் அஞ்சல, நான் என்னத்தச் சொல்லட்டும்?" என்றாள்.

நான் உள்ளே பாயில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, காய்ச்சல் வந்தவன்போலக் கிடந்தேன். அஞ்சலை என் பெயரை எடுக்கவில்லை. திட்டவும் இல்லை. தேய்க்கப் போட்டிருந்த பாத்திரங்களைத் தொடாமல் போய்விட்டாள். அந்த மாதக் கடைசியில் அவர்கள் சேத்தியாத்தோப்புப் பக்கம் நாற்று நடவுக்குப் போய்விட்டதாகச் சரஸ்வதி அக்கா சொன்னார். பைண்டை அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். "ஏன்டா, இனிமே படிக்க மாட்டியா?" என்று கேட்டார். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

ஐப்பசி மழையில் கான்ட்ராக்டரின் இன்னொரு கொட்டகையின் கூரை ஒழுகியபோது, அங்கே தார்ப்பாய்க்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் கிடைத்தது. ஸ்டோர் திறந்திருந்த நேரத்தில் வேறொரு ஷிப்ட் ஆட்கள் அவசர வேலைக்கு எடுத்துப்போய், அங்கேயே போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அப்பா வந்து ஈரச் சட்டையோடு அடுப்படியில் உட்கார்ந்தார்.

"கம்பி கெடச்சிட்டு" என்றார்.

அம்மா, "அப்போ அந்த மனுசன்?" என்றாள்.

"அவந்தான் போயிட்டானே."

பிறகு அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போது எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. அவர் கேட்டால் நான் சொல்வேன், நான் சொன்னால் அவர் சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏற வேண்டும், சூப்பர்வைசரிடம் போய் நிற்க வேண்டும். என் நோட்டை எடுத்து, எழுதிய பக்கங்களை மட்டும் கிழித்து அடுப்பில் வைத்தார். கணக்குப் பக்கங்களை என்னிடம் கொடுத்துவிட்டார். அவர் சாகும்வரை நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் படித்தபோது ஆண்டு மலருக்கு ஒரு நகைச்சுவைக் கட்டுரை கேட்டார்கள். "நான் துப்பறிந்த கதை" என்று எழுதினேன். கோலப் புள்ளி, வடிகட்டிய தண்ணீர், சுத்தமான திருடன் எல்லாம் வந்தன. முடிவில் கம்பி கொட்டகையிலேயே கிடைத்ததாகவும், நான் அசடு வழிந்ததாகவும் எழுதினேன். பரிசு கொடுத்தார்கள். மேடையில் படித்தபோது நல்ல சிரிப்பு. அதில் கோவிந்தன் பெயரும் இல்லை, அவருடைய காகிதமும் இல்லை. பன்னிரண்டு வயதில் செய்ததற்குச் சிறுவன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இருபது வயதில் செய்ததற்கு என்ன சொல்வது?

முப்பத்திரண்டு வருடம் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றேன். மகளுக்கு வாய்த்த மாப்பிள்ளைக்கு நெய்வேலியில்தான் வேலை. இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையாவது அங்கே போய்த் தங்கும்படி ஆயிற்று. எங்கள் லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது பேருந்துகள் நிறுத்துகிறார்கள். என் தோளுக்கு எட்டாத மரங்கள் சாலைக்கு மேலே கைகோத்து நிற்கின்றன. மண்மேட்டில் காடு வளர்ந்திருக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் இயற்கையான குன்று என்பார்கள். வாய்விட்டுப் படிக்கக் கேட்கிறவர்கள் எந்த வீட்டிலும் இல்லை. பேரன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனக்குத்தானே சிரிக்கிறான்.

போகும்போதெல்லாம் புங்கமேட்டுக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். மூன்றாவது வருடம், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர், "கோவிந்தன் மவன் ஏழுமலை மைன்ஸ்ல காண்ட்ராக்ட்ல இருக்காருங்க, ரெண்டாவது ஷிப்ட்டுக்கு முந்தி இங்கதான் டீ குடிப்பாரு" என்றார். அந்த நேரத்துக்குப் போய்க் காத்திருந்து ஏழுமலையைப் பார்த்தேன். அந்த ஆடிக்குப் பிறகு பிறந்தவர், ஐம்பதை நெருங்கும் மனிதர். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமினார். நான் யாரென்று சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல், இங்கே எழுதியிருப்பதைவிடச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்பா போயி இருவது வருசம் ஆவுது சார். அம்மா போன தையில" என்றார். பிறகு, "அந்தக் காயிதம் வந்திருந்தா நாங்க எங்கியோ இருந்திருப்போம்னு அம்மா சொல்லிகினே இருக்கும். அது பரவால்ல சார், விதி. ஆனா எங்க ஜனத்துல 'கம்பி திருடன் வூடு'ன்னு பேரு நின்னு பூட்டுது. அக்காவுக்கு மொதல்ல வந்த எடம் அதனாலதான் தட்டிப் போச்சு. கல்யாணம், கருமாதின்னு நாலு பேரு கூடுற எடத்துல யாராவது ஒருத்தன் குடிச்சிட்டு இழுப்பான்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல் அந்த டீக்கடையில் எவ்வளவு சின்னதாக ஒலித்தது என்பதை என்னால் விவரிக்க முடியாது. அவர் டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "எழுதிக் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டார்.

"என்ன எழுதணும்?"

"அப்பா எடுக்கலன்னு. நீங்கதான் பொய்யா எழுதினீங்கன்னு. கையெழுத்துப் போட்டு."

டீக்கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன். ஏழெட்டு வரிகள். ஒரு உவமை இல்லை. முடிக்கும் இடத்தில் கை ஒரு கணம் தயங்கியது. ஒன்றும் சேர்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அவர் செல்போனில் அக்காவைக் கூப்பிட்டார். மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கிறார் என்றார். விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு, "படிங்க சார்" என்றார். படித்தேன். அந்தப் பக்கம் பச்சையம்மா கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கும்.

படித்து முடித்ததும் ஏழுமலை போனை என் பக்கம் நகர்த்தினார். அதிலிருந்து பச்சையம்மாவின் குரல் வந்தது.

"வெறுமனே கோவிந்தன்னு எழுதிக்கிறாரே ஏழுமல, ஊர்ல பத்துக் கோவிந்தன் இருப்பான். யாருன்னு தெரிய வாணாமா? எங்க தாத்தா பேரையும் போடச் சொல்லு. ஊரையும் போடச் சொல்லு."

அவருடைய தாத்தா பெயர் எனக்குத் தெரியாது. கோவிந்தனின் நடை, குளியல், துண்டின் நிறம், எத்தனை எட்டு வைத்தார் என்பதுவரை குறித்துக்கொண்ட நான், அவர் யாருடைய மகன் என்று யாரிடமும் கேட்டதில்லை. கேட்டேன்.

"சின்னப்பையன்" என்றார் பச்சையம்மா.

"சின்னப்பையன் மகன் கோவிந்தன், புங்கமேடு" என்று திருத்தி எழுதினேன். புங்கமேடு இருந்த இடத்தில் இப்போது பாதாளம்போலப் பள்ளம். அந்தப் பெயரில் ஒரு பஸ் நிறுத்தம்கூட இல்லை. அந்த மனிதரைத் திருடனாக்கிய அன்று வாசலில் நின்றவர்களில், எனக்குத் தெரிந்து, இன்று நான் ஒருவன்தான் உயிரோடு இருக்கிறேன்.

"இப்ப மறுபடி படிக்கச் சொல்லு" என்றது போன். "மெதுவா."

மெதுவாகப் படித்தேன். ஏழுமலை தாளை வாங்கி நாலாக மடித்து, தூசு படாமலிருக்கக் கடைக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் கவர் கேட்டு வாங்கி அதில் போட்டு, சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார். ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். ஆறிப்போன டீ பெஞ்சிலேயே இருந்தது.